பெத்பேஜ் பிளாக்: ஹேண்டிகேப் 22 போதுமா?

ஹேண்டிகேப் 22-ஐ (கோல்ஃபில் ஆட்டத்திறனைக் காட்டும் எண்; எண் கூடினால் திறன் குறைவு) வைத்துக்கொண்டு நியூயார்க்கின் பெத்பேஜ் பிளாக் கோல்ஃப் மைதானத்தில் ஆடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஆடுங்கள், ஸ்கோரை மட்டும் மறந்துவிடுங்கள். இது மிகக் கடினமான மைதானம், தேர்ந்தவர்களுக்குத்தான் என்று முதல் டீ (முதல் அடி அடிக்கும் இடம்) அருகிலேயே பலகை மாட்டியிருக்கிறார்கள்; சும்மா மிரட்டல் இல்லை. இங்கே நடந்த 2002 யு.எஸ். ஓப்பன் போட்டியில் நான்கு நாள் முடிவில் பாருக்கு (மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகளின் எண்ணிக்கை) கீழே இருந்தவர் டைகர் வுட்ஸ் ஒருவர்தான்.

வண்டி கிடையாது, 18 குழியும் நடைதான். பையின் கனத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 4-ஆவது குழியில் குறுக்கே கிடக்கும் பெரிய பங்கரை (மணல் பள்ளம்) ஒரே அடியில் தாண்டப் பார்க்காதீர்கள். நான் முயன்று பார்த்தேன், பந்து அதற்குள் விழுந்து, மூன்று தடவை அடித்தும் என் காலடிக்கே உருண்டு வந்தது. முன்னாலேயே நிறுத்தி, அப்புறம் தாண்டுங்கள். ரஃபில் (ஓரத்து நீளப் புல்) விழுந்தால் வீரம் வேண்டாம், வெட்ஜால் (பந்தை உயர எழுப்பும் மட்டை) ஃபேர்வேக்கு, அதாவது புல் வெட்டிய நடுப்பாதைக்கு, தள்ளிவிடுங்கள். மனம் ஒப்பவில்லையென்றால் அதே பூங்காவில் ரெட் என்ற இன்னொரு மைதானம் இருக்கிறது. அதுவும் லேசு இல்லை, சரியா?