27 சதவீதத்தை 9 ஆக்கித் தருகிறார்களாம்!

கேள்வி: பி.எச்டி. ஆய்வேட்டின் சிமிலாரிட்டி ரிப்போர்ட்டில் (பிற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சாஃப்ட்வேர் தரும் அறிக்கை) 27 சதவீதம் வந்திருக்கிறது. கைடு 10-க்குள் கொண்டுவரச் சொல்கிறார். பணம் கொடுத்தால் டி.டி.பி. சென்டரில் 9 ஆக்கித் தருகிறார்களாம். கொடுக்கலாமா? நானே எழுதி வெளியான கட்டுரையையும் காப்பி என்று காட்டுகிறதே?

பதில்: கொடுக்காதீர்கள். அங்கே நடப்பது சாஃப்ட்வேரில் போட்டுச் சொல்லை மாற்றும் வேலை. இப்படித்தான் 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' (செயற்கை நுண்ணறிவு) என்பது 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்' (போலிப் பிரக்ஞை) ஆகி ஆய்விதழ்களில் அச்சேறியிருந்ததை 2021-இல் பிரெஞ்சுக் கணினி அறிவியலாளர் கியோம் கபனாக்கும் சகாக்களும் அம்பலப்படுத்தினார்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதற்கு விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான், டி.டி.பி.காரர் அல்ல. அவர் உங்கள் ஃபைலை ஏதோ ஒரு தளத்தில் ஏற்றி, அது அங்கேயே சேமிக்கப்பட்டுவிட்டால், கடைசிப் பரிசோதனையில் உங்கள் ஆய்வேடே உங்களுக்கு எதிராக நிற்கும்.

யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை, 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60-ஐத் தாண்டினால்தான் பதிவு ரத்து. ஆகவே பதறாதீர்கள்.

முதலில் நூலகத்தில் ரிப்போர்ட்டை மறுபடி எடுங்கள். துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, உரிய சான்றுடன் தந்த மேற்கோள்கள், தொடர்ந்து 14 சொல் வரையிலான பொதுவான ஒற்றுமைகள் ஆகியவற்றை விதியே விலக்கச் சொல்கிறது. இதிலேயே கணிசமாக இறங்கலாம். மிச்சத்தில், பல இடங்களில் ஒவ்வொரு சதவீதமாகச் சிதறியிருப்பது பெரிய விஷயமில்லை. ஒரே நூலிலிருந்து 8 சதவீதம் என்றால் அங்கே உட்காருங்கள்.

பெரும்பாலும் அது முன்னாய்வுகள் பற்றிய இயலாகத்தான் இருக்கும். மூலத்தில் 'ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதால் நீர்மட்டம் தாழ்ந்து சிறு விவசாயிகள் கடனில் சிக்கினர்' என்று இருக்க, நீங்கள் 'போர்வெல்கள் அதிகரித்ததால் நீர்மட்டம் குறைந்து சிறு உழவர்கள் கடன்பட்டனர்' என்று எழுதினால், அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயர் போட்டாலும் காப்பிதான். வாக்கியத்தின் எலும்புக்கூடு அவருடையது. புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் வாதத்துக்கு அவர் எதற்குத் தேவை என்று யோசித்து எழுதுங்கள்: 'விவசாயக் கடனை வங்கிகளின் பக்கமிருந்து பார்ப்பவர்களுக்கு மாறாக, இவர் போர்வெல்லிலிருந்து தொடங்குகிறார்.' எழுதிய பிறகு மூலத்தைத் திறந்து சரிபாருங்கள்.

உங்கள் கட்டுரை விஷயம்: சொந்த எழுத்தானாலும் சொல்லாமல் எடுத்தாளக் கூடாது என்று 2020-இல் யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. அந்தக் கட்டுரை இடம்பெறும் இயலின் முதல் பக்கத்திலேயே இதழின் பெயர், ஆண்டு, பக்க எண்ணைக் குறிப்பிடுங்கள். அந்தக் கட்டுரையை விலக்கி ஒன்று, விலக்காமல் ஒன்று என இரண்டு ரிப்போர்ட்டும் எடுத்து, கைடிடம் கையெழுத்து வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள்.