சும்மா பகிடிக்குத்தானே சொன்னேன்!

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள், மனசு நொந்துவிட்டது, இது கோபப்பட வேண்டிய விஷயமா இல்லை நான்தான் தொட்டாற்சுருங்கியா என்று. அதனால் பரீட்சை, காதல், மாமியார் எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு நாலு கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று நாலு பேருமே கேட்டதால் போடவில்லை.

*அன்பின் டீச்சர், எனக்குப் பொகவந்தலாவை, தேயிலைத் தோட்டம். மூன்று வருஷமாகக் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை. கூட வேலை செய்கிற அண்ணா ஒருவர் வடக்குப் பக்கம். நல்ல மனுஷன், எனக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர். ஆனால் ஆட்களுக்கு முன்னால் என்னைத் 'தோட்டக்காட்டான்' என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று ஒருநாள் சொன்னேன். 'சும்மா பகிடிக்கடா, உனக்கு ரோஷம் கூடிப்போச்சு' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்போது பேச்சே குறைந்துவிட்டது. நான் பெரிசுபடுத்திவிட்டேனா?*

இல்லை தம்பி.

தோட்டம் என்ற சொல்லில் ஒரு கேவலமும் கிடையாது. லீவுக்கு வரும்போது 'எங்க தோட்டத்துக்குப் போறேன்' என்றுதானே நீங்களும் சொல்வீர்கள்? அதே தோட்டத்தோடு காட்டை ஒட்டி, பின்னால் ஓர் 'ஆன்' போட்டதும் அது ஊர்ப் பெயராக இல்லாமல் ஆளின் தரமாக மாறிவிடுகிறது. களவாகத் தோணியில் வந்தவன் என்று சொல்லும் 'கள்ளத்தோணி'யும் அதே ரகம்தான். வெள்ளைக்காரன் கோப்பிக்கும் அப்புறம் தேயிலைக்கும் ஆள் சேர்த்து, கங்காணிக்குக் காசு கொடுத்துக் கூட்டிவந்த சனம் அது. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியாக நடந்தே வந்து, வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளைப் பார்த்துக் 'கள்ளத்தோணி' என்று கூப்பிட்டார்கள்.

வெறும் சொல்தானே என்று விட்டுவிட முடியாததற்குக் காரணமும் இதுதான். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத்துச் சனத்தின் குடியுரிமை போனது, அடுத்த வருஷமே வாக்கும் போனது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேரை இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் மூட்டை எண்ணுகிற மாதிரி எண்ணிப் பிரித்தன, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்து 1974இல் ஆளுக்குப் பாதி. இங்கே 'இந்தியாக்காரன்' என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய்க் கப்பலேறியவர்களுக்கு நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் என்ன பெயர் கிடைத்தது தெரியுமா? 'சிலோன்காரன்'. இங்கே தங்கியவர்களில் கடைசி ஆட்களின் குடியுரிமைப் பிரச்சினை தீர 2003இல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது. அந்த ஐம்பத்தைந்து வருஷமும் 'நீ இந்த ஊர் ஆள் இல்லை' என்று சொல்ல இந்த மாதிரிச் சொற்கள்தான் கைவசம் இருந்தன. உங்கள் நண்பருக்கு இந்தக் கணக்கு தெரியாமலிருக்கலாம். உங்களுக்கும் முழுசாகத் தெரியாமலிருக்கலாம், ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் உங்கள் வயிற்றுக்குத் தெரிகிறது.

அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை என்று நானும் நம்புகிறேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தவறி விரலில் பட்டாலும் ரத்தம் வரத்தான் செய்யும், வெட்டினவர் நல்லவர் என்பதால் அது நிற்காது. ஆனால் நல்லவராயிருந்தால் அடுத்த செடிக்குப் போகும்போது கத்தியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பார். அவர் எப்படிப்பட்டவர் என்பது நீங்கள் சொன்ன பிறகு என்ன செய்கிறார் என்பதில்தான் தெரியும். முகத்தைத் தூக்கி வைத்தது முதல் நாள் வெட்கமாகக்கூட இருக்கலாம், அவசரப்படாதீர்கள்.

பதிலுக்கு, யாழ்ப்பாணத்தாரைக் கேலி செய்யும் 'பனங்கொட்டை' என்ற சொல்லை வீச உங்களுக்கும் ஆசை வந்திருக்கும். வேண்டாம். அவர்கள் பட்டதும் கொஞ்சமில்லை, அதற்கு வேறு சொற்கள் இருந்தன.

இங்கே என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் உங்களுக்கு மட்டும் புத்தி சொன்னால் நன்றாயிருக்காது. பயிற்சிக் காலத்தில் விடுதியில் வேறு மாவட்டத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: 'உங்கட ஆக்கள் எல்லாம் லயத்திலயோ இருக்கிறவை?' லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. எனக்குக் காது சுட்டது. சட்டென்று, 'இல்லை, நாங்க குவாட்டர்ஸ், அப்பா கணக்கப்பிள்ளை' என்றேன். பெரிய பதிலடி கொடுத்துவிட்ட திருப்தியில் தூங்கியும் போனேன். பக்கத்துக் கட்டிலில் மஸ்கெலியாப் பிள்ளை ஒருத்தி, பத்துக்கு பன்னிரண்டு அடிக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள், அன்றைக்கும் அடுத்த நாளும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு கிழமைக்கு என்னோடு சாப்பிட வரவில்லை. கேட்ட பிள்ளை ஊர் தெரியாமல் கேட்டாள். நான் எல்லாம் தெரிந்தே பதில் சொன்னேன். இது எனக்கு உறைக்கப் பதினைந்து வருஷம் ஆனது. நம் வாயிலும் இது நிறைய இருக்கிறது தம்பி. பணிய லயத்து ஆட்கள் என்பதும், சண்டை வந்தால் சாதிப் பெயரையே திட்டாக வீசுவதும், திருவிழாவில் தப்பு அடிக்க ஆள் வேண்டும், ஆனால் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்க வேறு குவளை என்பதும் யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வரவில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஆட்களுக்கு முன்னால் சொல்லாதீர்கள். வேலை முடிந்து ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் தனியாகச் சொல்லுங்கள்: 'அண்ணா, என்னைத் தூக்கிட்டு ஓடினதை நான் மறக்கல, நீங்க என்பதாலதான் சொல்றேன். வேற யாராவது இருந்தா சண்டை போட்டிருப்பேன்.' காரணம் கேட்டால் உங்கள் தாத்தா பாட்டி கதையைச் சொல்லுங்கள், சட்டப் புத்தகத்தை விரிக்க வேண்டாம். அதற்குப் பிறகும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். உங்கள் பெயரைச் சொன்னால் மட்டும் பதில் கொடுங்கள்.

*டீச்சர், ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டம். எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில், தேர்த் திருவிழாவுக்குச் சம்பளத்தில் பிடித்த காசுக்குக் கணக்குக் காட்டுங்கள் என்று எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். நான் மக்களின் மத உணர்வைப் புண்படுத்திவிட்டேன், மன்னிப்புக் கேட்காவிட்டால் பொலிசுக்குப் போவோம் என்கிறார்கள். அம்மா அழுகிறார். மன்னிப்புக் கேட்கட்டுமா?*

எதற்கு? காசைக் கேட்டதற்கா?

முதல் தம்பியின் கடிதத்துக்கு அவ்வளவு நீளமாக எழுதிவிட்டு இங்கே மாற்றிப் பேசுவதாக நினைக்காதீர்கள். அங்கே ஓர் ஆளைப் பிறந்த இடத்தை வைத்துத் தாழ்த்தினார்கள். இங்கே நீங்கள் ரசீது கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பிடிக்காமல் போவதும் மனசு புண்படுவதும் முகத்தில் ஒரே மாதிரித்தான் தெரியும், அதனால்தான் ஒன்றின் பெயரில் இன்னொன்று நடக்கிறது. அம்மனுக்குக் கணக்கில் கோபம் வரும் என்று நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தண்டனைச் சட்டக் கோவையில் மத உணர்ச்சியைப் புண்படுத்துவது குற்றம்தான், ஆனால் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், எல்லோரும் ஐசிசிபிஆர் என்கிறார்களே அது, இன மத வெறுப்பைப் பரப்பிப் பாகுபாட்டுக்கோ பகைக்கோ வன்முறைக்கோ தூண்டுவதைப் பற்றியது. ஒருவருக்கு மனசு நொந்தது என்பது மட்டும் அதில் குற்றமில்லை.

ஏட்டில் இப்படி இருந்தாலும் நடப்பது வேறாக இருக்கலாம், அதையும் மறைக்க மாட்டேன். 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம், நம் மலைக்கு அந்தப் பக்கம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பிடித்தார்கள். உடுத்தியிருந்த சட்டையில் தர்மச்சக்கரம் இருக்கிறது, பௌத்தர்களின் மனம் புண்படுகிறது என்று. உண்மையில் அது கப்பலின் சுக்கான் சக்கரம். அந்தப் படத்துக்காக இரண்டு வாரத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். ஆக, எழுதியதைப் போனில் ஸ்கிரீன்சொட் எடுத்து வையுங்கள், அழித்துவிடாதீர்கள். கணக்குக் கேட்பதைக் கடிதமாக எழுதி, இன்னும் நாலைந்து பேரின் கையெழுத்தோடு நிர்வாக சபைக்குக் கொடுங்கள். எழுதியதில் எங்காவது 'திருடர்கள்' என்று போட்டிருந்தால் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வருத்தம் தெரிவியுங்கள், நிரூபிக்காமல் சொல்லக் கூடாது. போடவில்லை என்றால் அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

*டீச்சர், பதுளையில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். படிவங்களில் 'இந்தியத் தமிழர்' என்று இருப்பதைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது, நான் மலையகத் தமிழர் என்றுதான் சொல்வேன். அப்பாவோ, 'இந்திய வம்சாவளி என்று சொல்ல உனக்கு வெட்கமா?' என்று கோபப்படுகிறார். யார் சரி?*

இரண்டு பேரும்தான் மகள், இது மழுப்பல் இல்லை. 1911 குடிசன மதிப்பீட்டில்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தனித்தனிப் பெட்டி போட்டார்கள். அந்தப் பெட்டி இத்தனை வருஷமாக நீடித்து, 2012இல் அதில் 8 இலட்சத்து 39 ஆயிரத்துச் சொச்சம் பேர். மலைக்கு 1823இல் முதல் ஆட்கள் வந்து 2023இல் இருநூறு வருஷம் ஆயிற்று என்று நடந்தும் கூடியும் நினைவுகூர்ந்தோமே, இன்னும் என்ன இந்தியர் என்று நீங்கள் கேட்பது நியாயம். அப்பாவின் தலைமுறைக்கு அந்தச் சொல், துரைமாரும் அரசாங்கமும் கைவிட்டபோது பிடித்துக்கொண்ட ஒரே கயிறு. 2003 சட்டத்தின் தலைப்பிலேயே இந்திய வம்சாவளி இருக்கிறது.

உங்கள் படிவத்தில் நீங்கள் மலையகத் தமிழர் என்று எழுதுங்கள். அப்பாவின் படிவத்தை நிரப்பும்போது பேனாவை அவரிடம் கொடுத்துவிடுங்கள். கவுண்டருக்கு வருகிறவர்களிடமும் நீங்களாக ஒன்றைப் போடாமல் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள், வரிசை கொஞ்சம் நீளும், பரவாயில்லை.

*மகளைச் சின்னதிலிருந்து வீட்டில் எல்லோரும் 'கருப்பி' என்றுதான் கூப்பிடுவோம், ஆசையாக. இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஸ்கூல் பிள்ளைகளுக்கு முன்னால் அப்படிக் கூப்பிட வேண்டாம் என்கிறாள். அவளுடைய அம்மாயிக்கு இதில் பெரிய வருத்தம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைச் சொன்னாலும் குற்றமா?*

பிள்ளை வீட்டில் கூப்பிட வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை, ஸ்கூல் பிள்ளைகளுக்கு முன்னால் வேண்டாம் என்றுதானே கேட்கிறாள்? எவ்வளவு யோசித்துக் கேட்டிருக்கிறாள் பாருங்கள். ஆசையான பெயர் வகுப்பறைக்குப் போனால் அங்கே யார் வாயில் எப்படி மாறும் என்பது அவளுக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது. அம்மாயியிடம் நீங்களே சொல்லுங்கள், அவளைச் சொல்ல விடாதீர்கள். பெரியவருக்குப் பழக்கத்தில் இரண்டு தரம் வாய் தவறும், அதற்கு மகளும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.