வராத மூன்றரை லட்சத்தை நம்பி வாங்கிய கடன்

கேள்வி: என் கணவருக்கு வயது 34. அம்பத்தூரில் ஒரு சிறிய கம்பெனியில் பவர் பிரஸ் ஆபரேட்டர். சம்பளம் 18,000 ரூபாய். இஎஸ்ஐக்காக (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மாதம் 135 ரூபாய் பிடிக்கிறார்கள். நான்கு மாதத்துக்கு முன் பிரஸ்ஸில் சிக்கி வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கம்பெனியே தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செலவு செய்தது. "இஎஸ்ஐக்கு அலைய வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மாதம் 8,000 தருகிறார்கள். இழப்பீடு மூன்றரை லட்சம் வரும் என்று தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அதை நம்பி, நாத்தனார் வீட்டுக்காரரின் கடைக்காக 80,000 ரூபாய் ஐந்து வட்டிக்கு வாங்கிக் கொடுத்தோம். முதல் மாத வட்டியை அவர் கட்டினார். இப்போது நாங்கள்தான் கட்டுகிறோம். மூன்றரை லட்சம் வந்ததும் அவர் கடையில் பங்காகப் போடுவதா, அல்லது ஒருவர் சொல்வதுபோல மியூச்சுவல் ஃபண்டில் போட்டு மாதாமாதம் எடுப்பதா?

பதில்: சகோதரி, எதில் போடுவது என்ற கேள்விக்கே இடமில்லை. அந்த மூன்றரை லட்சம் உங்களுக்கு வராது. இதைக் கேட்க வருத்தமாக இருக்கும். ஆனால் இது தெரியாமல் நீங்கள் இன்னொரு கடன் வாங்குவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. இஎஸ்ஐ இல்லாத தொழிலாளிக்கு 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளி மொத்தமாகப் பணம் தர வேண்டும். சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் 15,000 வரைதான் கணக்கு. அதில் 60 சதவீதம் 9,000. 34 வயதுக்கென்று சட்டம் தரும் பெருக்கு எண் 199.40. பெருக்கினால் சுமார் 17.95 லட்சம். ஒரு கையில் இரண்டு விரல் போனால் அட்டவணைப்படி 20 சதவீத இழப்பு. ஆக, சுமார் 3,59,000. கணக்குச் சரிதான். ஆனால் அது உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. இஎஸ்ஐயில் இருப்பவர் அந்தச் சட்டப்படி முதலாளியிடம் இழப்பீடு கேட்க முடியாது. இரண்டு சட்டங்களும் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. அதிலும் இந்தத் தடை மாறவில்லை. மாதம் 135 ரூபாய் பிடித்தம் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியே போதும், உங்கள் வழி இஎஸ்ஐ வழி.

சரி, இஎஸ்ஐயில் என்ன கிடைக்கும்? வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம். நாள் சம்பளத்தைத் தோராயமாக 600 என்று வைத்தால் 540 ரூபாய், மாதத்துக்கு 16,200. நான்கு மாதத்துக்கு 64,800. நீங்கள் வாங்கியிருப்பது 32,000, அதுவும் "அட்வான்ஸ்" என்ற பெயரில் இருந்தால் பின்னால் சம்பளத்தில் பிடிக்கப்படும் கடன். அதாவது உரிமையாக வர வேண்டியதை விட்டுவிட்டு, அதில் பாதியைக் கம்பெனியிடம் கடனாக வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சம்பளத்தோடு கூடிய லீவு என்று கம்பெனி பதிந்திருந்தால் அந்த நாட்களுக்கு இஎஸ்ஐ பணம் தராது. எனவே அந்த 8,000 வாங்கும்போது உங்கள் கணவர் எதில் கையெழுத்துப் போட்டார், அதில் என்ன எழுதியிருந்தது என்பதை முதலில் பாருங்கள். இனி எழுதாத தாளில் எதற்கும் கையெழுத்து வேண்டாம்.

காயம் ஆறி சிகிச்சை முடிந்த பிறகு மருத்துவக் குழு நிரந்தர இழப்பு எத்தனை சதவீதம் என்று முடிவு செய்யும். 20 என்று வைத்தால் 540-இல் 20 சதவீதம் 108 ரூபாய், மாதம் 3,240. இது ஆயுள் முழுக்க வரும். வேலைக்குத் திரும்பினாலும் சம்பளத்தோடு சேர்ந்து வரும், வேலை மாறினாலும் நிற்காது, விலைவாசிக்காக அவ்வப்போது உயர்த்தவும் செய்கிறார்கள். உயர்வே இல்லை என்று வைத்தாலும் 70 வயது வரை 36 வருடத்துக்கு சுமார் 14 லட்சம். குழு சொல்லும் சதவீதம் குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடும் செய்யலாம்.

இப்போது அந்த 3,240 ரூபாயை உங்கள் ஐந்து வட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 80,000-க்கு மாத வட்டி 4,000. உங்கள் கணவர் இரண்டு விரலைக் கொடுத்து ஆயுளுக்கும் பெறப்போகும் மாதப் பணம், நாத்தனார் வீட்டுக் கடையின் வட்டிக்கே போதவில்லை. அசல் அப்படியே நிற்கும். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இதுதான். விபத்து உங்களைக் கடனாளி ஆக்கவில்லை. கைக்கு வராத பணத்தைப் பங்கு பிரித்ததுதான் ஆக்கியது. இந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

80,000-ஐ என்ன செய்வது? வங்கி நகைக்கடனுக்கு மாற்றுங்கள். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று வைத்தால்கூட வட்டி 4,000-லிருந்து 800-ஆக இறங்கும். ஆனால் அடகு வைக்க வேண்டியது உங்கள் நகை இல்லை, உங்கள் நாத்தனாரின் நகை. பணம் போனது அவர்கள் கடைக்கு. இதை நீங்கள் பேசினால் "வந்தவள் பிரிக்கிறாள்" என்று பேச்சு வரும். உங்கள் கணவரே, அவருடைய அம்மா இருக்கும்போது, அக்காவிடமும் மாமாவிடமும் பேசட்டும். மேலே போட்டிருக்கும் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். மொத்தப் பணம் வராது என்று தெரிந்தால் பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும். அவர்களிடம் நகை இல்லையென்றால் மாதம் 4,000 வட்டியையாவது அவர்கள் ஏற்க வேண்டும். அதற்கும் மறுத்தால், அந்தக் கடையில் பங்கு சேர்வதைப் பற்றி நீங்கள் யோசிக்கவே வேண்டாம்.

மியூச்சுவல் ஃபண்டில் போட்டு மாதாமாதம் எடுக்கும் திட்டம் இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. வருடத்துக்கு 60 சதவீத வட்டிக் கடன் தலைக்குமேல் இருக்கும் வீட்டுக்கு அதைச் சொல்பவர் உங்கள் நிலைமையைக் கேட்காமலேயே விற்கிறார் என்று அர்த்தம். வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீட்டிலும் ஏதோ வரும் என்று யாராவது சொல்லலாம். அது ஒரு கையோ காலோ கண்ணோ முழுதாகப் போனால்தான், விரலுக்கு இல்லை. அதை நம்பியும் யாரிடமும் வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம், செய்ய வேண்டிய வேலை. கம்பெனி விபத்து அறிக்கை அனுப்பியதா என்று உங்கள் பகுதி இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கணவரின் இஎஸ்ஐ நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். அனுப்பவில்லை என்றே நினைக்கிறேன். அப்படியானால் விபத்து நடந்த தேதி, நேரம், மெஷின், பக்கத்தில் இருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் எழுதி அவரே கம்பெனிக்கும் கிளை அலுவலகத்துக்கும் கொடுக்கலாம். "மெஷினின் பாதுகாப்பு சென்சாரை நீதானே ஆஃப் செய்தாய்" என்று கம்பெனியில் பயமுறுத்தினால் பின்வாங்க வேண்டாம். கம்பெனி வேலையைச் செய்யும்போது விதியை மீறியிருந்தாலும் இஎஸ்ஐயில் அது வேலை விபத்துதான். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான இஎஸ்ஐ பணம் பெறும் காலத்தில் அவரை வேலையை விட்டு நீக்கவும் சட்டம் விடாது.

முக்கியமாக, ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் படியுங்கள். பிரஸ்ஸில் அடிபட்டது என்று இருக்கிறதா, வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா? தவறாக இருந்தால் திருத்தித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வேலை விபத்து என்று பதியாமல் சாதாரண நோய் என்று பதிந்தால் 90-க்குப் பதில் 70 சதவீதம்தான் கிடைக்கும். அதுவும் வருடத்துக்கு 91 நாள் வரைதான். 420 ரூபாய் வீதம் மொத்தமே 38,220. ஆயுள் பணமும் கிடையாது.

நாளைக்கே இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போய் மருத்துவரிடம் காட்டி, வேலைக்குப் போக முடியாது என்ற சான்றிதழ் அன்றிலிருந்தாவது ஓடும்படி செய்யுங்கள். போன நான்கு மாதத்துக்கு தனியார் ஆஸ்பத்திரி காகிதங்களை வைத்துக் கேட்கலாம். ஏற்க விதியில் இடம் இருக்கிறது, ஆனால் அலைச்சல் இருக்கும். அதனால் அந்த 64,800 முழுதும் வரும் என்று எண்ணி எந்தத் திட்டமும் போடாதீர்கள். பணம் பெறும் உரிமை வந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும், நான்கு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. வருகிற பணம் எவ்வளவோ அதில் முதலில் வீட்டுச் செலவு, மிச்சம் ஐந்து வட்டிக்காரரின் அசலுக்கு.

இன்னும் ஒன்று: ஆயுள் பணத்தை யார் பெயருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, கடன்காரர் கோர்ட்டுக்குப் போனாலும் அதை ஜப்தி செய்ய முடியாது. "இஎஸ்ஐ பணத்தை எனக்கு எழுதிக் கொடு" என்று வட்டிக்காரரோ உறவினரோ கேட்டால் இதைச் சொல்லுங்கள். பணம் வரும் வங்கிக் கணக்கின் ஏடிஎம் கார்டு உங்கள் வீட்டுக்கு வெளியே யார் கையிலும் இருக்கக் கூடாது.