அறுபது ஆண்டுப் புழக்கம் குளத்தைக் காக்காது

கேள்வி: எங்கள் கோயிலை ஒட்டிய ஈயம் தோண்டிய பழைய குட்டையில்தான் அறுபது ஆண்டுகளாகக் கரகம் பாலிக்கிறோம். என் தாத்தா கரை கட்டிய குளம் அது. ஏழு வாரங்களுக்கு முன் மேம்பாட்டு அனுமதிப் பலகை நட்டார்கள். இப்போது மண் கொட்டுகிறார்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்கு மனு கொடுத்திருக்கிறோம். வழக்குப் போடலாமா?
– கோயில் செயலாளர், கோலாலம்பூர்

பதில்: தாத்தா கட்டிய கரையை நீதிமன்றத்தில் பேசாதீர்கள். அரசு நிலத்தை எத்தனை காலம் புழங்கினாலும் உரிமை பிறக்காது என்கிறது தேசிய நிலச் சட்டத்தின் 48ஆவது பிரிவு. தனியார் நிலமென்றால் 341ஆவது பிரிவு குறுக்கே நிற்கும்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்தக் குட்டை 62ஆவது பிரிவின் கீழ்ப் பொதுத் தேவைக்கென அரசிதழில் ஒதுக்கப்பட்டதா? தித்திவங்சா ஏரியும் ஒரு காலத்தில் ஈயக் குட்டைதான். குட்டை பூங்காவாகலாம், வெள்ளத் தடுப்புக் குளமாகலாம்; அரசிதழில் ஏறியிருந்தால்தான் உங்களுக்குப் பிடி. ஏறியிருந்தால், 64ஆவது பிரிவு கேட்கும் விசாரணை நடக்காமல் ஒதுக்கீட்டை விலக்க முடியாது.

என் கவலை அந்த ஏழு வாரங்கள். அரசுத் தரப்பின் முடிவை எதிர்த்துப் போடும் சீராய்வு மனுவுக்கு மூன்று மாதம்தான் கெடு. முடிவு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அது ஓடுகிறது. மனு கொடுத்தோம், பதில் வரட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்களை என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். நல்ல வழக்கு, நான்காம் மாதத்தில் வந்தார்கள். அரசியல்வாதியின் பதில் கடிதம் கெடுவைப் புதிதாகத் தொடங்கி வைக்காது. கால நீட்டிப்புக் கேட்கலாம். அதை நம்பி உட்காராதீர்கள். கோலாலம்பூரின் ரிம்பா கியாரா பூங்காவுக்காகப் போராடிய குடியிருப்பாளர்கள் 2017இல் மேம்பாட்டு அனுமதி வந்த அடுத்த மாதமே நீதிமன்றம் போனார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்ததை 2023இல் கூட்டரசு நீதிமன்றம் உறுதி செய்தது. இடையில் ஆறு ஆண்டுகள், உயர் நீதிமன்றத்தில் ஒரு தோல்வி. உங்கள் நிர்வாகக் குழு அவ்வளவு தூரம் தாங்குமா என்பதை இன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலியைப் பிடுங்குவது, கரையில் அவசரமாக மண்டபம் எழுப்புவது இரண்டும் வேண்டாம். அரசு நிலத்தில் அனுமதியின்றிக் கட்டினால் 425ஆவது பிரிவின் கீழ் நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள்.

அரசிதழில் குட்டை இல்லை, பட்டா மேம்பாட்டாளர் பெயரில் இருக்கிறது என்றால் சமரசத்துக்குப் போங்கள். முழுக் குளத்தையும் கேட்காமல் ஒரு படித்துறை, கோயிலிலிருந்து அதற்கு ஒரு பாதை என்று கேளுங்கள். வாய்வாக்கு போதாது, பாதையை உரிமைப் பாதையாகப் பட்டாவில் பதிவு செய்ய வையுங்கள். பதியாத பாதை, நிலம் கைமாறும் நாளில் அடைபட்டுவிடும்.