கூடத் தங்க ஓர் ஆள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

டர்பனில் வெஸ்ட்வில் பக்கம் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். கூட இருந்தவர் வேலை மாறி ஜோகன்னஸ்பர்க் போகிறார். ஒப்பந்தம் என் பெயரில். இன்னும் ஏழு மாதம் பாக்கி. அந்த அறையை இரண்டு பேர் கேட்கிறார்கள். ஒருவர் அலுவலக நண்பர், சேலத்துக்காரர். இன்னொருவர் இங்கே டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை, முன்பின் பழக்கமில்லை. நான் சைவம். ஊர்க்காரர், தமிழ் பேசுகிறவர் என்று நண்பரையே சேர்த்துக்கொள்ளலாமா?

க., டர்பன்

அன்புள்ள தம்பி,

ஆளைப் பார்ப்பதற்கு முன் உங்கள் நிலையைப் பாருங்கள். ஒப்பந்தம் உங்கள் பெயரில் மட்டும் இருப்பதால், முழு வாடகைக்கும் வீட்டுக்காரரிடம் நீங்கள்தான் பொறுப்பு. வருகிறவருக்கு நீங்களே வீட்டுக்காரர் போல ஆகிவிடுகிறீர்கள். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 26ஆம் பிரிவுப்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் அவர் குடியிருக்கும் வீட்டை விட்டு வெளியேற்ற முடியாது. இரண்டு மாதம் பணம் தராவிட்டாலும் பூட்டை மாற்றவோ பெட்டியை வெளியே வைக்கவோ உங்களுக்கு உரிமை இல்லை. அதனால்தான் சேர்ப்பதற்கு முன் நன்றாக விசாரிக்கச் சொல்கிறேன். முதல் வேலையாக, இன்னொருவரைச் சேர்க்க வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதைக் கேட்கின்றன. இரண்டு பெயரிலும் புது ஒப்பந்தம் போட அவர் சம்மதித்தால் இன்னும் நல்லது. ஆனால் அதில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு' என்று இருந்தால், ஒருவர் கட்டாததை மற்றவர் கட்ட வேண்டியிருக்கும்.

நண்பரா, தெரியாதவரா என்ற கேள்வியை ஒதுக்கி வையுங்கள். நண்பரிடம் பாக்கியைக் கேட்க நாக்கு எழாது என்பது ஒன்றுதான் அதில் உள்ள வேறுபாடு. இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். 'நீங்கள் சுத்தமானவரா?' என்றால் யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. 'போன வாரம் எத்தனை நாள் சமைத்தீர்கள், பாத்திரத்தை எப்போது கழுவினீர்கள்?' என்று நடந்ததைக் கேட்டால் உண்மை வரும்.

பணத்தில் தேதியைக் கேளுங்கள். வாடகை 1ஆம் தேதி. சம்பளம் 25ஆம் தேதியோ மாதக் கடைசியிலோ வந்தால் சரி. 5ஆம் தேதி வருகிறவருக்கு ஒவ்வொரு மாதமும் நீங்கள் கடன் கொடுக்க வேண்டிவரும். மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அவர் குடியிருந்த வீடுகளின் வீட்டுக்காரர்களிடம் விசாரியுங்கள். இப்போதைய வீட்டுக்காரரைவிட அதற்கும் முந்தையவர் சொல்வதே நம்பத் தக்கது. தொல்லை தீர்ந்தால் போதும் என்று இப்போதையவர் புகழ்ந்துவிடக்கூடும்.

அதிகம் சண்டை வருவது வெந்நீரிலும் மின்சாரத்திலும்தான். உங்களுடையது ப்ரீபெய்டு மீட்டர் என்றால், பணம் கட்டி மீட்டரில் பதியும் இருபது இலக்க எண்ணை, அதாவது டோக்கனை, யார் வாங்குவது என்பதில் மனக்கசப்பு தொடங்கும். 1ஆம் தேதியே இருவரும் சமமாகப் பணம் போட்டு வையுங்கள். யாராவது அறைக்குள் ஹீட்டர் வைத்தால் அவருக்குக் கூடுதல் பங்கு என்று முன்பே பேசிவிடுங்கள். 150 லிட்டர் கீஸரில் 20 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 7 யூனிட் செலவாகும். 3 கிலோவாட் எலிமென்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஒருவர் காலையில் அதைத் தீர்த்துவிட்டால் மற்றவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் குளிப்பார் என்று கேளுங்கள். இந்த இடத்தில் ஷிஃப்ட் வேலைக்காரர் உங்களுக்கு வசதி. குளியலறையிலும் அடுப்படியிலும் இடிபட மாட்டீர்கள். ஆனால் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவார். நீங்கள் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் என்றால் மீட்டிங் சத்தமும் குக்கர் விசிலும் அவரைக் கொல்லும். அதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

சமையலில் மூன்று விஷயம்: அசைவத்துக்குத் தனிப் பாத்திரம் உண்டா, பச்சை இறைச்சி ஃப்ரிட்ஜில் எங்கே (நீர் சொட்டும், அதனால் கீழ்த்தட்டில் மூடி வைக்க வேண்டும்), பால்கனியில் ப்ராய் (நெருப்பில் இறைச்சி சுடுவது) போடுவாரா. கடைசியானதற்கு உங்கள் கட்டடத்தின் விதிமுறைகளைப் பாருங்கள். இன்னொன்று: இங்கே பிறந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் புரட்டாசி முழுவதும் அசைவம் கிடையாது, விரதத்துக்கென்றே தனிப் பாத்திரம் வைத்திருப்பவர்களும் உண்டு. சாட்ஸ்வொர்த்காரர் வீட்டில் ஆங்கிலம் பேசலாம், உங்கள் அடுப்படியின் ஒழுங்கு அவருக்குச் சொல்லாமலே புரியலாம். மொழியை வைத்து அவரைத் தள்ளிவிடாதீர்கள்.

கார் நிறுத்தும் இடம் ஒன்றுதானா, கேட் ரிமோட்டை வேறு யாரிடமாவது கொடுப்பாரா, விருந்தாளி மாதத்தில் எத்தனை இரவு தங்கலாம்: இவற்றையும் பேசுங்கள்.

அட்வான்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். போகிறவர் தன் பங்கை வருகிறவரிடம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் உடைத்த டைலுக்கு ஏழு மாதம் கழித்து நீங்கள் இருவரும் பணம் கட்டுவீர்கள். ஆகவே மாறும் நாளில் மூவரும் சேர்ந்து ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, குறைகளை எழுதி, கையெழுத்துப் போட்டு, சேதத்துக்கான தொகையைப் போகிறவரின் பங்கில் கழித்துக்கொள்ளுங்கள். 1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி வீட்டுக்காரர் அட்வான்ஸை வட்டி தரும் கணக்கில் வைக்க வேண்டும். பாக்கி ஏதும் இல்லாவிட்டால், ஒப்பந்தம் முடிந்து 7 நாளுக்குள் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அந்த வட்டியிலும் இருவருக்கும் பங்கு உண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால், நான் முதலில் பேசுவது மருத்துவமனைக்காரரிடம். அடுப்படி பற்றியும் பகல் தூக்கம் பற்றியும் அவர் நேராகப் பதில் சொன்னால், சாவி கொடுப்பதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: வாடகைப் பங்கு, தேதி, மின்சாரம், விலக வேண்டுமானால் இரு பக்கமும் ஒரு மாத எழுத்து முன்னறிவிப்பு. அது முடிந்தால், இடம் வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது என்று நண்பரிடம் நீங்களே இந்த வாரம் சொல்லிவிடுங்கள். அவரும் வீடு தேடிக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
அக்கா