பணம் தருபவரும் அறங்காவலரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் இங்கிலாந்தில் கணக்காயராகப் பணிபுரிகிறேன். சூதாட்டத்தால் வாழ்க்கை குலைந்தவர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் உதவும் ஒரு சிறிய தொண்டு நிறுவனம், தன் அறங்காவலர் குழுவில் சேரும்படி என்னை அழைத்திருக்கிறது. கணக்குகளைப் புரிந்துகொள்ளும் ஒருவர் தேவை என்பதே அவர்கள் சொன்ன காரணம். என் தம்பி இணையப் பந்தயத்தில் பெருங்கடன் பட்டு மீண்டவன் என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்நிறுவனம் பல ஆண்டுகள் சூதாட்ட நிறுவனங்கள் தந்த நன்கொடையில் நடந்தது. நோயைக் கொடுத்தவனிடமே மருந்துக்குக் காசு வாங்கிய இடத்தில் போய் உட்காரலாமா என்று என் கணவர் கேட்கிறார். குழுவில் இருப்பவர்கள் நல்லவர்களாகவே தெரிகிறார்கள். நான் சேரலாமா? தம்பியின் கதையை அவர்களிடம் சொல்ல வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சேருங்கள் என்பதே என் எண்ணம். ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன் அந்தக் குழுவின் கடந்த சில ஆண்டுக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பணம் கொடுத்தவருக்குப் பிடிக்காத எதையாவது இந்தக் குழு எப்போதாவது வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறதா, எந்தப் பணத்தையாவது வேண்டாமென்று மறுத்திருக்கிறதா என்று அவற்றில் தேடுங்கள். குறிப்புகளைக் காட்டத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே ஒரு விடையாக எடுத்துக்கொள்ளலாம்.

உறுப்பினர்கள் நல்லவர்களாகத் தெரிகிறார்கள் என்கிறீர்கள். அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011-ஆம் ஆண்டின் அறக்கொடைச் சட்டம், ஒரு தொண்டு நிறுவனத்தின் நிர்வாகத்தைப் பொதுவாகக் கட்டுப்படுத்தி நடத்துபவர் எவரோ அவரையே அறங்காவலர் என்கிறது. ஊதியம் பெரும்பாலும் இல்லை, பொறுப்போ முழுமையானது. தலைமை நிர்வாகி கொண்டுவரும் தாள்களுக்குத் தலையசைத்துவிட்டு எழுந்துபோகும் நல்லவர், அந்தத் தாளில் இருந்த தவறுக்கும் பொறுப்பாளியே. ஆகவே அவர்கள் நல்லவர்களா என்பதோடு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும் நிலையில் இருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்ல பிரிட்டனில் நடந்ததைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். சர் ஆலன் பட் தலைமையிலான சூதாட்ட மறுஆய்வுக் குழு 2001-இல் தன் அறிக்கையைத் தந்தபோது, சூதாட்டத் தொழில் தானே நிதி தந்து ஓர் அறக்கட்டளையை நடத்த வேண்டும், தராவிட்டால் அரசு சட்டத்தின் மூலம் வசூலிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறக்கட்டளை 2002-இல் அமைந்தது. அது பெயரும் அமைப்பும் பலமுறை மாறி, பின்னாளில் கேம்பிள்அவேர் என்று அறியப்பட்டது. கட்டாயமாக வசூலிக்கும் அதிகாரம் 2005-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தில் 123-ஆம் பிரிவாக எழுதப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தப் பிரிவை யாரும் கையில் எடுக்கவில்லை. உரிமம் பெற்ற நிறுவனங்கள் ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததே தவிர, எவ்வளவு என்பது அவரவர் விருப்பம். பந்தயம் கட்டியவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சும் தொகையில் 0.1 சதவீதம் தாருங்கள் என்று அறக்கட்டளை ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

தொடக்க ஆண்டுகளில் அறங்காவலர்களில் சிலர் சூதாட்ட நிறுவனங்களின் உயர் பதவிகளில் இருந்தவர்கள். பந்தயக் கடைகளின் சங்கத்துக்குத் தலைமை வகித்த ஒருவரே ஒரு கட்டத்தில் அறக்கட்டளைக்கும் தலைவராக இருந்தார். கடும் விமர்சனங்களுக்குப் பின் அந்த நிலை மாறி, தொழிலோடு தொடர்பில்லாதவர்கள் குழுவில் அமர்ந்தார்கள். அந்த மாற்றம் உண்மையானது, அதைக் கொண்டுவந்தவர்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் நாற்காலிகளில் இருப்பவர்கள் மாறினாலும், அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்பதை மறுதரப்பே முடிவு செய்யும் ஏற்பாடு மாறவில்லை. 2019-இல் ஐந்து பெரிய நிறுவனங்கள் தங்கள் பங்களிப்பை 0.1 சதவீதத்திலிருந்து 2023-க்குள் 1 சதவீதமாக உயர்த்துவதாக அறிவித்தன. பணம் பத்து மடங்காகும் என்ற அந்த அறிவிப்பிலேயே, அது இத்தனை காலம் எவ்வளவு குறைவாக இருந்தது என்பதும் தெரிந்தது.

இப்படிப்பட்ட குழுக்களை நன்கொடையாளர் தொலைபேசியில் அழைத்து அதட்டுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்படி நடந்திருந்தால் எதிர்ப்பது எளிது. நடப்பது வேறு. எந்த ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது என்று பேசும்போது, மனிதர் ஏன் சூதாடுகிறார் என்ற கேள்வி இயல்பாக மேலே வருகிறது. இந்த இயந்திரம் ஏன் இவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, இரவு இரண்டு மணிக்கு இந்தச் செயலி ஏன் அவருக்கு இலவசப் பந்தயம் அனுப்புகிறது என்ற கேள்விகள் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகின்றன. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் விலைபோகவில்லை, ஆனாலும் பொறுப்பின் பாரம் முழுவதும் தோற்றவரின் தோளில் போய் உட்கார்ந்துவிடுகிறது. பந்தயக் கடைகளில் இருந்த இயந்திரங்களில் 20 நொடிக்கு ஒருமுறை 100 பவுண்டு வரை கட்ட முடிந்தது. 2019 ஏப்ரலில்தான் அது 2 பவுண்டாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த இயந்திரங்களின் முன் எத்தனை குடும்பங்களின் வாடகைப் பணம் போயிருக்கும் என்று எண்ணும்போது, அறங்காவலர் குழுக்களின் கண்ணியமான மௌனத்தை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

மறுத்தவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, தன் சூதாட்ட சிகிச்சை மையங்களுக்கு கேம்பிள்அவேர் வழியாக வந்துகொண்டிருந்த பணத்தை 2022 ஏப்ரல் முதல் ஏற்பதில்லை என்று முடிவு செய்தது. தொழிலிடமிருந்து வரும் பணத்தில் சிகிச்சை பெறுவது நோயாளிகளுக்கே உறுத்தலாக இருக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இங்கே ஓர் எச்சரிக்கை. அரசின் சுகாதார சேவை மறுக்கலாம், அதற்கு வேறு வரவு உண்டு. ஆறு படுக்கைகள் கொண்ட ஒரு தங்கிடத்தை நடத்தும் சிறிய குழு மறுத்தால் ஆறு பேர் வெளியே போக வேண்டும். நன்கொடையை ஏற்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் நோக்கத்துக்கு எது நல்லது என்பதைக் கொண்டே முடிவாக வேண்டும், உறுப்பினர்களின் சொந்த அருவருப்பைக் கொண்டு அல்ல என்பதே தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையத்தின் நிலைப்பாடும். அதனால்தான் கூட்டக் குறிப்புகளைப் படிக்கச் சொன்னேன். வாங்கியிருந்தால், ஏன் வாங்கினோம், வாங்கிய பின்னும் எதைச் சொல்லும் உரிமையை விடமாட்டோம் என்று விவாதித்து எழுதிவைத்தார்களா என்று பாருங்கள். அப்படி எழுதிவைத்த குழுவோடு நீங்கள் தயங்காமல் உட்காரலாம்.

2025 ஏப்ரல் முதல் நிலைமை மாறிவிட்டது. அந்த 123-ஆம் பிரிவு கடைசியில் உயிர்பெற்று, நிறுவனத்தின் வகையைப் பொறுத்து 0.1 முதல் 1.1 சதவீதம் வரை கட்டாயமாக வசூலிக்கப்படுகிறது. அதில் பாதி சிகிச்சைக்கும், 30 சதவீதம் தடுப்புப் பணிக்கும், 20 சதவீதம் ஆய்வுக்கும் போகிறது. பணத்தைப் பகிரும் வேலை அரசு அமைப்புகளிடம் போய்விட்டதால், கேம்பிள்அவேர் 2026 மார்ச் 31-க்குள் தன் பணிகளை முடித்து மூடிவிடுவதென முடிவெடுத்தது. உங்களை அழைத்த நிறுவனத்துக்கும் இனி வரவு பெரும்பாலும் அரசின் வழியாக வரக்கூடும். உங்கள் கணவரின் உறுத்தல் இதனால் குறையலாம், உங்கள் வேலை குறையாது. கொடுப்பவர் அரசாக இருந்தாலும் அவருக்குப் பிடிக்காததைச் சொல்லும் துணிவு வேண்டும். கட்சி அரசியலில் இறங்காமல், தன் நோக்கத்துக்காகச் சட்டமாற்றம் கோரிப் பேசும் உரிமை அங்கே தொண்டு நிறுவனங்களுக்கு உண்டு. சூதாட்ட விளம்பரங்களைப் பற்றி ஓர் அமைச்சருக்குக் கசக்கும் கடிதத்தை எழுத, அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தை நினைத்து உங்கள் குழு அஞ்சுமானால், பழைய கதை புதிய பெயரில் தொடர்கிறது என்றே பொருள்.

கணக்காயராக உங்களிடம் அவர்கள் எதிர்பார்ப்பதும் இங்கேதான் வந்து சேர்கிறது. வரவில் எத்தனை பங்கு ஒரே இடத்திலிருந்து வருகிறது, அது நின்றால் கையிருப்பில் எத்தனை மாதம் ஓட்டலாம் என்ற இரண்டு கணக்குகளையும் ஒவ்வொரு கூட்டத்திலும் மேசையில் வையுங்கள். சில மாதங்களுக்காவது தாங்கும் கையிருப்பு உள்ள குழு வாய்திறந்து பேசும்.

அடுத்தது, பாதிக்கப்பட்டவர்கள் குழுவில் இருக்கிறார்களா என்பது. பல நிறுவனங்கள் அவர்களுக்கென ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்து, கருத்துக் கேட்டு, நன்றி சொல்லி அனுப்பிவிடுகின்றன. வாக்குரிமை மேசையின் இந்தப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. இதில் சட்டமும் ஒரு தடையாக நிற்கிறது. கடனில் திவாலாகி இன்னும் விடுவிக்கப்படாதவரும், கடன்காரர்களோடு முறையான தவணை உடன்பாட்டில் இருப்பவரும், திருட்டு, மோசடி போன்ற நேர்மையின்மைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்று அதற்குரிய காலம் கழியாதவரும் அறங்காவலராக முடியாது. தொண்டுப் பணத்தைக் காக்க எழுதப்பட்ட விதி இது, தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் சூதாட்டம் ஒரு மனிதரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதாம்: திவால், தவணை, அலுவலகப் பணத்தில் கைவைத்த வழக்கு. எவருடைய அறிவு இந்தக் குழுவுக்கு மிகவும் தேவையோ அவரையே விதி வாசலில் நிறுத்துகிறது. அவர் ஆணையத்திடம் விண்ணப்பித்து விலக்குப் பெற வழி உண்டு. அப்படி விண்ணப்பித்த யாருக்காவது உங்கள் குழு துணைநின்றிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், முதல் விண்ணப்பத்துக்குத் துணைநிற்கும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம்.

இனி உங்கள் தம்பி. அது அவருடைய வாழ்க்கை, ஆகவே முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாமென்றால் விவரங்களைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் உங்கள் குடும்பத்தில் ஒருவர் பாதிக்கப்பட்டவர் என்பதை மட்டும் தலைவரிடம் தனியாகச் சொல்வது நல்லது என்றும், அவர் அந்நிறுவனத்தின் உதவியை எப்போதாவது பெற்றிருந்தால் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்றும் தம்பியிடம் விளக்குங்கள். அவர் சம்மதித்தால் வெளிப்படையாகவே பேசுங்கள். கடன்காரர்களின் கடிதங்கள் வீட்டுக்கு வருவது எப்படி இருக்கும், மறைத்துவைத்த ஒரு வங்கிக் கணக்கு வெளிப்படும் நாளில் ஒரு குடும்பத்துக்கு என்ன நேரும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கணக்குப் பார்க்க மட்டும் வந்தவராக ஒதுங்கி உட்கார்ந்துவிடாதீர்கள். நீங்கள் சேர்வதாக இருந்து, தம்பியும் சம்மதித்தால், முதல் கூட்டத்திலேயே உங்கள் இரண்டு தகுதிகளும் குறிப்பில் ஏறட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்