57 வயதில் முதல் தடவையாகப் பச்சை குத்தலாமா? சலரோகமும் பிரஷரும் இருக்கிறது

அக்கா, நீங்கள் கேட்டது இதுதான்: வயது 57, இடது முன்கையில் அம்மாவின் பெயரைப் பச்சை குத்த ஆசை, சலரோகத்துக்கும் பிரஷருக்கும் குளிசை எடுக்கிறீர்கள், "இந்த வயதில் இது தேவையா" என்று வீட்டில் கேட்கிறார்கள். தேவையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். செய்யலாமா என்றால், சீனி கட்டுப்பாட்டில் இருந்து, இடத்தையும் எழுத்தின் அளவையும் சரியாகத் தெரிந்தெடுத்தால், தாராளமாகச் செய்யலாம். பிள்ளைகள் வெளிநாட்டில், நீங்கள் யாழ்ப்பாணத்தில், அவர்கள் லீவில் வரும்போது கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

பச்சை குத்தினவன் காவாலி என்கிற பேச்சு எங்கள் ஊரில் இன்னும் போகவில்லை. பெற்ற தாயின் பெயரைக் கையில் வைத்திருக்க விரும்பும் ஒருவரை அந்தப் பேச்சால் அடக்குவது அநியாயம். அதற்காக எல்லோரையும் குத்தச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். குத்தக்கூடாதவர்களும் இருக்கிறார்கள்.

சின்ன வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதானவர்கள், செயற்கை வால்வு வைத்தவர்கள், இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்பரின் குளிசை எடுப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், ஸ்டீரொயிட் குளிசையை நீண்டகாலம் எடுப்பவர்கள் இதை விட்டுவிடுவது நல்லது. மார்பகச் சத்திரசிகிச்சையில் அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கை வேண்டாம். காயம் ஆறிய இடம் தடித்து மேலெழுந்து வளரும் கெலோயிட் தோல்காரரும் யோசிக்க வேண்டும். உங்களுக்கு அந்தத் தோலா என்று தெரிய, காது குத்திய இடத்தையும், தோளில் பிசிஜி ஊசித் தழும்பையும், பழைய சத்திரசிகிச்சைத் தழும்பு இருந்தால் அதையும் தடவிப் பாருங்கள். காயத்தின் எல்லையைத் தாண்டிப் புடைத்து நின்றால் பச்சையும் அப்படிப் புடைக்கலாம்.

சீனிக்கு, காலையில் விரலில் குத்திப் பார்க்கும் அளவு போதாது. மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை செய்யுங்கள். 7 சதவீதத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது. திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்கே பிரித்தானியாவில் 8.5க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள்; அதற்கு மேலே இருந்தால் நீங்களும் ஒரு மூன்று மாதம் பொறுத்துக் குறைத்துவிட்டுப் போங்கள். சீனி ஏறிய உடம்பில் காயம் மெதுவாக ஆறும், கிருமி இலகுவாகப் பிடிக்கும். முழங்காலுக்குக் கீழே எந்தச் சலரோகக்காரரும் குத்தக்கூடாது. அங்கே இரத்த ஓட்டமும் உணர்ச்சியும் குறைந்திருக்கலாம். இன்சுலின் ஏற்றும் வயிற்றையும் தொடையையும் விட்டுவிடுங்கள். குத்துகிற நாளில் வெறும் வயிற்றோடு போகாமல், வழமையான நேரத்தில் சாப்பிட்டு, குளிசையும் வழமைபோல எடுத்துக்கொண்டு போங்கள்.

பிரஷர் குளிசையோடு, இரத்தம் கட்டிபடாமல் இருக்க அஸ்பிரின் 75 அல்லது குளோபிடோக்ரெல் தந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரத்தம் கூடக் கசியும், மை நிற்காமல் வெளியே வரும். அதற்காக அந்தக் குளிசையை நீங்களாக நிறுத்தக் கூடாது. பச்சைக்காக மாரடைப்பை விலைக்கு வாங்கியதாகிவிடும். கிளினிக் டொக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். தோல் மரக்க இணையத்தில் விற்கும் பெயர் தெரியாத கிறீம்களைப் பூச வேண்டாம். அவற்றில் இருக்கும் லிடோகெயின் என்ற மரக்கும் மருந்து அளவுக்கு மிஞ்சி உடம்பில் ஏறினால் இதயத் துடிப்பைக் குழப்பும். உள்முன்கையில் ஒரு பெயர் குத்தும் நோ தாங்கக்கூடியதுதான்.

இனி இடம். மை நிற்பது மேல்தோலில் அல்ல, அதற்குக் கீழேயுள்ள உட்தோலில், கிட்டத்தட்ட 1 தொடக்கம் 2 மி.மீ. ஆழத்தில். அங்கே மைத்துகளை உடம்பின் பாதுகாப்புக் கலங்கள் விழுங்கி வைத்திருக்கும். ஒரு கலம் இறந்தால் அது விட்ட மையைப் புதிய கலம் விழுங்கிக்கொள்ளும் என்பதை 2018இல் பிரான்சின் மார்செய் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். வயது ஏற ஏற உட்தோல் மெலியும், கொலாஜென் குறையும். ஊசி கொஞ்சம் ஆழமாகப் போனாலே கீழேயுள்ள கொழுப்பில் மை இறங்கிப் பரவி, எழுத்தைச் சுற்றி நீலச் சாம்பல் நிழல் விழும். அதைத் திருத்துவது மிகவும் கடினம். புறங்கை, மணிக்கட்டு எலும்பின் மேல், முழங்கை மடிப்பு இவற்றில் தோல் மிக மெல்லியது. முன்கையின் வெளிப்புறம் வெய்யில் பட்டுப் பழுதாகி, இடிபட்டால் ஊதாவாகக் கண்டிப்போகும் இடம். உள்முன்கையின் நடுப்பகுதிதான் உங்களுக்குச் சரி. முழங்கை மடிப்பிலிருந்து நாலு விரல் விடுங்கள், ஏனென்றால் இரத்தம் எடுக்கும் நாளம் அங்கேதான். சலரோகக்காரருக்கு அது ஆயுள் முழுக்கத் தேவை. மணிக்கட்டிலிருந்து மூன்று விரல் விடுங்கள். குத்துபவரிடம் மூன்று விடயம் கேளுங்கள்: தோலை இரண்டு பக்கமும் நன்றாக இழுத்துப் பிடிக்க வேண்டும், 5 அல்லது 7 ஊசி கொண்ட வட்டக் கோட்டு ஊசி போதும், ஒரே கோட்டின் மேல் திரும்பத் திரும்பப் போகக்கூடாது.

எழுத்து விடயத்தில்தான் ஆட்கள் அவசரப்பட்டு அழுகிறார்கள். சின்னதாக, அடக்கமாக இருக்கட்டும் என்று நினைப்பார்கள். தோலில் மைக்கோடு வருடத்தோடு தடிக்கும். பத்து வருடத்தில் இரண்டு மடங்காகவும் ஆகலாம். எங்கள் ண, ன, ஞ, இ, ஐ எல்லாம் சுழியால் ஆனவை. சுழிக்குள்ளே 2 மி.மீ. வெற்றிடமாவது இல்லாவிட்டால் அது அடைபட்டுக் கறுத்த பொட்டாகிவிடும். பிறகு ண எது ன எது என்று தெரியாது. எழுத்தின் உடல் குறைந்தது 12 மி.மீ. உயரம் வேண்டும். "பொன்னம்மா" என்று அந்த அளவில் எழுதினால் 10 செ.மீ.க்கு மேல் போகும். அதனால் கையைச் சுற்றி எழுதாமல், கையின் நீளத்துக்கு எழுதுங்கள். தலைப்பும் அடியும் ஒரே தடிப்பான, எளிமையான எழுத்துரு எடுங்கள். மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறி மாறி வரும் கல்யாணக் கார்ட் எழுத்து வேண்டாம். புள்ளியை அச்சில் இருப்பதைவிடச் சற்று உயர்த்தி, எழுத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி வைக்கச் சொல்லுங்கள். நெருங்கி இருந்தால் எழுத்தோடு ஒட்டி, ம் என்பது ம ஆகிவிடும். புள்ளி வைக்கும்போது ஊசியை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் அதுதான் முதலில் பரவும்.

படத்தை எப்படிக் கொடுப்பது என்பதும் முக்கியம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டி அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாக விழும். யுனிகோட்டில் அனுப்பினாலும், தமிழுக்குச் சரிப்படுத்தாத வரைகலை மென்பொருளில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், புள்ளி விலகி வெறும் புள்ளிவட்டத்தின் மேல் ஏறும். ஆகையால் எழுத்தாக அனுப்பாதீர்கள். படமாக அல்லது பிடிஎஃப் ஆக, உண்மை அளவில் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். கொழும்பில் குத்துவதானால் குத்துபவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். அவருக்கு அது கோட்டுப் படம்தான். துணைக்காலுக்கும் (ா) ர-வுக்கும், ள-வுக்கும் ஔகாரக் குறிக்கும் வித்தியாசம் அவர் கண்ணில் படாது. இந்த நாட்டில் அரசாங்கப் பெயர்ப்பலகைகளிலும் பஸ்களிலும் தமிழ் எவ்வளவு பிழையாக எழுதப்படுகிறது என்று தெரியும்தானே. அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் இருக்கிறது. பலகையில் போடுமுன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் ஒரு நிமிடம் காட்ட ஆளில்லை. பலகையையாவது கழற்றலாம். குத்துமுன் படத்தைத் தோலில் பதிக்கும் ஸ்டென்சிலைக் கையில் ஒட்டியதும் தமிழ் தெரிந்த இரண்டு பேர் எழுத்து எழுத்தாக வாசிக்க வேண்டும். ஸ்டென்சில் காய 10, 15 நிமிடம் விட வேண்டும். அந்த நேரம் இதற்குத்தான். கையைத் தொங்கவிட்டும் மடக்கியும் கண்ணாடியில் பாருங்கள், சரிவு அப்போதுதான் தெரியும்.

முடிவெடுக்க முன், அதே அளவில் பேனையாலோ உண்மையான மருதோன்றியாலோ எழுதி ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். கறுப்பு மருதோன்றி என்று விற்பது வேண்டவே வேண்டாம். தலைமயிர்ச் சாயத்தில் உள்ள பிபிடி அதில் கூடிய அளவில் கலந்திருக்கும், தோல் கொப்பளிக்கும். குத்தும் மையில் கறுப்பு மட்டும் எடுங்கள். ஒவ்வாமை அதிகம் வருவது சிவப்பில். பிறகு லேசரில் எடுக்க வேண்டி வந்தாலும் கறுப்புத்தான் இலகுவாகப் போகும். எங்கள் நிறத் தோலுக்கு 1064 நானோமீற்றர் என்டி-யாக் லேசர் வேண்டும், பல தடவை, 6 தொடக்கம் 8 கிழமை இடைவெளியில்; அப்படியும் அந்த இடம் வெளுத்துப் போகலாம். பெயரோடு சாமி உருவமும் சேர்க்க நினைத்தால் ஒன்று: 2014இல் கையில் புத்தர் உருவம் குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவரைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடித்து நாடுகடத்தினார்கள். 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு கொடுத்தது. பெயர் மட்டும் போதும்.

கடையில் பார்க்க வேண்டியது: ஊசிக் காட்ரிஜ் உங்கள் முன்னால் பொதி உடைக்கப்பட வேண்டும், பொதியில் காலாவதித் திகதி இருக்க வேண்டும். மையைப் போத்தலிலிருந்து சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, மிஞ்சினதை எறிய வேண்டும். திரும்பப் பாவிக்கும் உலோகப் பிடி என்றால் ஓட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கருவியில் 121 பாகை செல்சியசில் 15 நிமிடமாவது போயிருக்க வேண்டும். சுடுதண்ணியில் அவித்தது காணாது. ஈரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் பி வைரசு காய்ந்த இரத்தத்தில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். இலங்கையில் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி 2003இல்தான் வந்தது, ஆகவே உங்கள் வயதுக்காரர் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். 0, 1, 6 மாதமென்று மூன்று ஊசி. அவசரமில்லாத வேலைதானே, போட்டுவிட்டுப் போங்கள். ஏற்புவலி ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால் அதையும். எழுத்துக்குச் சாம்பல் மையால் நிழல் தீட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். 2011இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் 19 பேருக்குத் தோலில் மைக்கோபக்டீரியா என்ற கிருமித் தொற்று வந்தது கிருமிநீக்காத தண்ணீர் கலந்த சாம்பல் மையால். கிணற்றுத் தண்ணீரில் மை கலக்கும் கடை என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

காலத்தையும் பாருங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் புழுதியும் வியர்வையும் சனநெருக்கமும். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தீர்த்தமாடுபவராக இருந்தால் அதற்கு முன்னும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளத் தண்ணீர் படும். தை, மாசிதான் நல்லது. இரத்ததானம் செய்பவரென்றால் குத்திய பிறகு குறிப்பிட்ட காலம் எடுக்க மாட்டார்கள், அதைக் கேட்டுவிட்டுத் திகதி வையுங்கள்.

குத்திய பின் ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தை எங்கள் வெக்கைக்கு ஒரு நாளுக்கு மேல் விட வேண்டாம்; உள்ளே வியர்வை தேங்கும். உரிக்கும்போது வயதான தோல் கிழியும், ஆகவே தண்ணீர் விட்டு, தோலோடு ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். முதல் கிழமை கொதித்து ஆறிய தண்ணீரில், வாசனையில்லாத சவர்க்காரத்தால், நாளுக்கு இரண்டு தடவை கழுவுங்கள். துவாயால் துடைக்காமல் கடதாசித் துண்டால் ஒற்றி, வாசலின் மிக மெல்லிதாகப் பூசுங்கள். மஞ்சள், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய் வேண்டாம். நாலாம் ஐந்தாம் நாளில் அயறு விடும். சொறியவோ உரிக்கவோ கூடாது, உரித்த இடத்தில் மையும் வந்துவிடும். இளம் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று கிழமையில் ஆறுவது உங்களுக்கு நாலு தொடக்கம் ஆறு கிழமை எடுக்கலாம். அதுவரை கடலும் கேணியும் வேண்டாம். மூன்றாம் நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எல்லாம் ஆறிய பின், இரண்டு மூன்று கிழமை கழித்துக் கோட்டின் மேல் சின்னச் சின்னப் பரு வந்தால் பச்சை குத்தியதை டொக்டரிடம் மறைக்காதீர்கள். அது மேலே சொன்ன மைக்கோபக்டீரியாவாக இருந்தால் சாதாரண அன்டிபயோட்டிக்குக் கேட்காது.

ஆறிய பிறகு ஒன்றிரண்டு இடத்தில் மை விட்டிருக்கும், அது வழமை. திருத்திக் குத்த எட்டுக் கிழமையாவது பொறுங்கள். போகும்போது முதலில் அச்செடுத்த அதே படத்தையும் கொண்டுபோங்கள். தோலில் தெரிவதைப் பார்த்துக் கைபோன போக்கில் கோட்டைத் தடிப்பாக்க விட்டால், சுழிகள் அன்றைக்கே அடைபட்டுவிடும்.